தளம்தான் வேலை செய்கிறதே, இடைமுகத்துக்கு ஏன் தனியாகச் செலவழிக்க வேண்டும்?

"எங்கள் இணையதளத்தில் தேவையான தகவல் அத்தனையும் இருக்கிறது. படிவம் வேலை செய்கிறது, பணம் செலுத்தும் வசதியும் வேலை செய்கிறது. அப்படியிருக்க, பயனர் இடைமுக வடிவமைப்புக்கென்று தனியாகப் பணமும் நேரமும் ஒதுக்கச் சொல்கிறார்கள். அது வெறும் அழகு சம்பந்தப்பட்ட விஷயம்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். தளம் நடத்தும் பலரின் மனத்தில் உள்ள கேள்வி இது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

"வேலை செய்கிறது" என்று நீங்கள் சொல்வது சர்வரின் பக்கத்திலிருந்து பார்த்தால் சரி. நிரப்பிய விவரம் தரவுத்தளத்தில் போய்ச் சேருகிறது, பதில் திரும்பி வருகிறது. ஆனால் தளத்துக்கு வருகிறவருக்கு சர்வரும் தெரியாது, தரவுத்தளமும் தெரியாது. அவர் பார்ப்பது திரையில் இருக்கும் எழுத்துகளையும் பெட்டிகளையும் பட்டன்களையும் மட்டும்தான். இடைமுகம் என்பது இதைத்தான். அவரைப் பொறுத்தவரை அதுதான் முழுத் தளம். தேடி வந்ததை அவரால் கண்டுபிடிக்க முடியாவிட்டால், அது தளத்தின் ஏதோ ஒரு மூலையில் பத்திரமாக இருந்தும் பயனில்லை. எனவே உங்கள் தளம் வேலை செய்கிறதா என்பதை அவருடைய நாற்காலியில் உட்கார்ந்துதான் சொல்ல முடியும்.

அழகு விஷயம் என்ற எண்ணத்தை முதலில் விலக்கிவிட ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். இது இணையதளத்தில் நடந்ததல்ல, ஒரு வங்கியின் உள் மென்பொருளில் நடந்தது. ஆனாலும் இடைமுகம் என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் எனக்குத் தெரியாது. 2020 ஆகஸ்டில், ரெவ்லான் நிறுவனம் வாங்கியிருந்த கடனுக்கான வட்டியை, கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்து அனுப்பும் வேலை சிட்டி வங்கியிடம் இருந்தது. வட்டித் தொகை சுமார் 78 லட்சம் டாலர். அந்த மென்பொருளின் வழக்கப்படி, அசல் தொகையை வங்கியின் உள்கணக்கு ஒன்றுக்குத் திருப்பிவிட்டு, வட்டியை மட்டும் வெளியே அனுப்ப வேண்டியிருந்தது. அசலை உள்ளேயே நிறுத்த, "பிரின்சிபல்", "ஃப்ரன்ட்", "ஃபண்ட்" என்று மூன்று பெட்டிகள் திரையில் இருந்தன. மூன்றையும் தேர்வு செய்து, மூன்றிலும் உள்கணக்கின் எண்ணைக் கொடுத்திருக்க வேண்டும். ஊழியர் "பிரின்சிபல்" பெட்டியை மட்டும் தேர்ந்தெடுத்தார். அசல் என்றுதானே அந்தப் பெட்டியில் எழுதியிருக்கிறது, அது போதும் என்று எவரும் நினைப்பார்கள். சரிபார்க்க வேண்டிய இன்னும் இருவர் அதே திரையைப் பார்த்து, சரி என்று ஒப்புதல் கொடுத்தார்கள். விளைவு, அசலும் சேர்ந்து ஏறக்குறைய 90 கோடி டாலர் வெளியே போய்விட்டது.

இதில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது அந்தத் திரை காட்டிய எச்சரிக்கையைப் பற்றித்தான். எச்சரிக்கை வராமல் இல்லை. பணம் வங்கியை விட்டு வெளியே போகப்போகிறது, தொடரலாமா என்று மென்பொருள் கேட்டது. வட்டியை வெளியே அனுப்பத்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்? ஆம் என்று அழுத்தினார்கள். எவ்வளவு பணம் போகிறது என்ற ஒரே ஒரு எண் அந்த எச்சரிக்கையில் இல்லை. அந்த எண் இருந்திருந்தால் மூவரில் ஒருவராவது திடுக்கிட்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பணம் கிடைத்தவர்களில் பலர் அதைத் திருப்பித் தர மறுத்தார்கள். சுமார் 50 கோடி டாலருக்காக வழக்கு நடந்தது. 2021இல் தீர்ப்பு வங்கிக்கு எதிராக வந்தது. 2022இல்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. மூன்று பேர் சரிபார்க்கும் ஏற்பாட்டை ஒரு தெளிவில்லாத திரை முறியடித்துவிட்டது. இன்னொரு கண்காணிப்பாளரை நியமிப்பதால் இப்படிப்பட்ட தவறு நிற்காது. அவரும் அதே மூன்று பெட்டிகளைத்தான் பார்ப்பார்.

காகிதத்திலும் இதே கதைதான். 2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் ஃபுளோரிடாவின் பாம் பீச் மாவட்டத்தில், வயதானவர்கள் எளிதாகப் படிக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் வாக்குச்சீட்டில் எழுத்தைப் பெரிதாக்கினார்கள். இடம் போதாமல் பெயர்கள் இரண்டு பக்கங்களுக்குப் பரவின. துளையிடும் இடங்கள் நடுவில் ஒரே வரிசையில் அமைந்தன. இடதுபக்கத்தில் இரண்டாவதாக இருந்த அல் கோருக்கு உரியது மூன்றாவது துளை. இரண்டாவது துளை வலதுபக்கத்தில் முதலில் இருந்த பாட் புக்கானனுக்குப் போனது. அந்த மாவட்டத்தில் மட்டும் புக்கானனுக்கு 3,407 வாக்குகள் விழுந்தன. மாநில முடிவைத் தீர்மானித்த வித்தியாசம் 537 வாக்குகள். கோருக்குப் போட நினைத்த 2,000க்கும் மேற்பட்டோர் தவறுதலாகப் புக்கானனுக்குப் போட்டுவிட்டார்கள் என்று பின்னால் வந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. எழுத்துப் படிக்கத் தெளிவாகத்தான் இருந்தது. எந்தப் பெயருக்கு எந்தத் துளை என்பதில்தான் மக்கள் தடுமாறினார்கள்.

இவ்வளவு பெரிய சேதம் உங்கள் தளத்தில் நடக்காது. நடப்பது சின்னச் சின்னதாக, யாருக்கும் தெரியாமல் நடக்கும். ஒருவர் வருகிறார், பார்க்கிறார், புரியவில்லை, போய்விடுகிறார். போனவர் புகார் எழுதுவதில்லை. "எங்களுக்குப் புகாரே வந்ததில்லை" என்று தள நிர்வாகிகள் சொல்லும்போது எனக்குக் கவலைதான் வருகிறது. புகார் எழுதுவதற்கும் ஒரு படிவத்தைத் தேடிக் கண்டுபிடித்து நிரப்ப வேண்டும் அல்லவா?

பண விஷயத்தையும் பேசிவிடலாம். வடிவமைப்பு ஆலோசகர் ஜாரெட் ஸ்பூல் 2009இல் எழுதிய ஓர் அனுபவம் இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். பெரிய வணிகத் தளம் ஒன்றில், பொருளைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டப் போகும் நேரத்தில், கணக்குத் தொடங்குங்கள் அல்லது உள்நுழையுங்கள் என்று ஒரு படிவம் குறுக்கே வந்தது. இரண்டே பெட்டிகள், இரண்டு பட்டன்கள். பழைய வாடிக்கையாளர்களுக்கு இது வசதி என்பது அதை வைத்தவர்களின் எண்ணம். சோதித்துப் பார்த்தபோது புதியவர்கள் எரிச்சலடைந்தார்கள். பழையவர்களுக்கோ எந்த மின்னஞ்சலைக் கொடுத்தோம், என்ன கடவுச்சொல் வைத்தோம் என்பதே நினைவில் இல்லை. கடவுச்சொல்லை மறந்துவிட்டேன் என்று நாளொன்றுக்கு 1,60,000 கோரிக்கைகள் வந்தன. அப்படிக் கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் அதன்பின் வாங்கவே முயலவில்லை. "பதிவு செய்க" என்ற பட்டனை எடுத்துவிட்டு "தொடர்க" என்று ஒரு பட்டனும், வாங்குவதற்குக் கணக்குத் தேவையில்லை என்ற ஒரு வரியும் வைத்தார்கள். வாங்கி முடித்தவர்களின் எண்ணிக்கை 45 சதவீதம் உயர்ந்தது. முதல் ஆண்டில் மட்டும் கூடுதலாக 30 கோடி டாலர் வந்ததாக ஸ்பூல் எழுதுகிறார். பொருளும் விலையும் மாறவில்லை, சர்வரும் மாறவில்லை. வாசலில் நின்ற தடையை அகற்றினார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர்.கவ் 2013 அக்டோபர் 1இல் திறக்கப்பட்டபோதும் இந்தத் தடை இருந்தது. திட்டங்களைப் பார்ப்பதற்கு முன்பே கணக்குத் தொடங்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். சும்மா பார்க்க வந்தவர்களும் கணக்குத் தொடங்கும் பக்கத்தில் குவிந்தார்கள். தொழில்நுட்பக் கோளாறுகள் வேறு நிறைய இருந்தன. முதல் நாளில் பதிவை முடித்தவர்கள் ஆறே பேர்.

படிவங்களைப் பற்றிக் கூடுதலாகப் பேச வேண்டும். தளத்துக்கும் மனிதருக்கும் நேரடியாகக் கொடுக்கல் வாங்கல் நடக்கும் இடம் அதுதான், மக்கள் அதிகம் நொந்துபோகும் இடமும் அதுதான். நாம் அடிக்கடி பார்க்கும் ஒரு படிவத்தை எடுத்துக்கொள்வோம். தொலைபேசி எண்ணைக் கேட்கிறது. படிக்க வசதியாக ஐந்தைந்து இலக்கங்களாக இடைவெளி விட்டு எழுதுகிறீர்கள். "தவறான உள்ளீடு" என்று சிவப்பில் வருகிறது. எண் தவறில்லை, இடைவெளிதான் அதற்குப் பிடிக்கவில்லை, ஆனால் அதைச் சொல்லவில்லை. இடைவெளிகளை நீக்குவது நிரலில் ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியை எழுதாததால், வருகிற ஒவ்வொருவரும் அந்த வேலையைத் தன் கையால் செய்ய வேண்டியிருக்கிறது. அடுத்தது பிறந்த தேதி. ஆண்டைத் தேர்ந்தெடுக்க நீண்ட பட்டியல் விரிகிறது. அறுபது வயதுக்காரர் விரலால் தள்ளிக்கொண்டே போகிறார், தன் ஆண்டைத் தாண்டிவிடுகிறார், திரும்பி வருகிறார். பிரிட்டிஷ் அரசின் தளமான கவ்.யுகே இதற்கு மூன்று சிறிய பெட்டிகளை வைக்கச் சொல்கிறது. நாள், மாதம், ஆண்டு என்று தட்டச்சு செய்துவிட்டுப் போகலாம். பிறந்த தேதி அவரவர் மனத்தில் இருப்பது, அதைப் பட்டியலில் தேட வைக்கத் தேவையே இல்லை.

பிறகு கடவுச்சொல். எழுதி முடித்து அனுப்பிய பிறகுதான் ஓர் எண் வேண்டும், ஒரு பெரிய எழுத்து வேண்டும், ஒரு குறியீடு வேண்டும் என்று ஒவ்வொன்றாக விதிகள் வெளிவரும். முதலிலேயே பெட்டிக்கு அருகில் எழுதியிருக்கலாம். பெட்டியின் தலைப்பை வெளியே வைக்காமல் உள்ளேயே மங்கலான எழுத்தில் வைப்பது இன்னொரு பழக்கம். முதல் எழுத்தை அடித்ததும் அது மறைந்துவிடும். பாதியில் கவனம் சிதறித் திரும்புகிறவருக்கு இந்தப் பெட்டி எதற்கு என்று தெரியாது. இவை எல்லாவற்றையும்விடக் கொடுமையானது, ஒரே ஒரு பெட்டியில் பிழை என்பதற்காக மொத்தப் படிவத்தையும் காலி செய்துவிடுவது. செல்போனில் ஒற்றை விரலால் இருபது பெட்டிகளை நிரப்பியவரின் முகத்தை அந்த நேரத்தில் பார்த்தவர்கள், தங்கள் தளத்தில் அப்படி நடக்க விடமாட்டார்கள். எது தவறு, எங்கே தவறு, எப்படித் திருத்துவது என்ற மூன்றையும் பிழைச் செய்தி சொல்ல வேண்டும். அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே சொல்ல வேண்டும். நிரப்பிய மற்ற விவரங்களைத் தொடக்கூடாது.

இப்படிச் சிரமப்படுகிறவர்கள் பெரும்பாலும் தங்களையே நொந்துகொள்கிறார்கள். "எனக்கு இந்தக் கம்ப்யூட்டரெல்லாம் வராது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். மனிதத் தவறு என்று நாம் பெயர் வைப்பவற்றில் பெரும்பகுதி வடிவமைப்பின் தவறு என்று வடிவமைப்பு அறிஞர் டான் நார்மன் 1980களிலிருந்தே வாதாடி வருகிறார். என் அனுபவமும் அதுதான். பலர் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தால் குறை தரையில்தான் இருக்கிறது.

வேகமும் இடைமுகத்தைச் சேர்ந்தது. பலர் அதைச் சர்வர்க்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிறார்கள். இணையப் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 1993இல் தொகுத்துச் சொன்ன மூன்று எல்லைகள் இன்றும் பொருந்துகின்றன. 0.1 வினாடிக்குள் பதில் வந்தால், நாம் செய்ததும் நடந்தது என்ற உணர்வு கிடைக்கும். 1 வினாடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது. 10 வினாடி தாண்டினால் கவனம் வேறு பக்கம் போய்விடும். பணம் செலுத்தும் பட்டனை அழுத்தியதும் திரையில் எதுவும் அசையாவிட்டால் மனிதர் என்ன செய்வார்? மறுபடி அழுத்துவார். ஒரே பொருளுக்கு இரண்டு முறை பணம் போவது இப்படித்தான். அழுத்திய கணமே பட்டன் நிறம் மாறி, "செலுத்தப்படுகிறது, காத்திருங்கள்" என்று காட்டினால் போதும். உண்மையான வேகம் கூடாவிட்டாலும் பதற்றம் தணியும்.

இன்னொரு தொல்லை, பக்கம் குதிப்பது. ஒரு தலைப்பைத் தொடப்போகிறீர்கள், அந்த நேரம் பார்த்து மேலே ஒரு படம் வந்து உட்கார்கிறது, எல்லாம் கீழே நகர்கிறது, விரல் விளம்பரத்தின் மேல் விழுகிறது. படத்துக்கான உயரத்தையும் அகலத்தையும் முன்கூட்டியே ஒதுக்கிவைத்தால் இது நடக்காது. கூகுள் இதை அளக்கவே ஓர் அளவீட்டை வைத்திருக்கிறது. பக்கம் அதிகம் குதித்தால் அதன் மதிப்பு கூடும், அது 0.1க்குள் இருக்க வேண்டும். அதோடு பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லிவினாடிக்குள் திரை அசைய வேண்டும். தேடல் முடிவுகளின் வரிசையிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு.

பார்வை, செவி, கை இவற்றில் குறைபாடு உள்ளவர்களைப் பற்றிப் பேசினால், "எங்கள் தளத்துக்கு அப்படிப்பட்டவர்கள் வருவதில்லை" என்ற பதில் வருகிறது. வர முடியாதபடி வைத்திருந்தால் எப்படி வருவார்கள்? வடக்கு ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு நிறங்களைப் பிரித்தறிவதில் குறை உண்டு. மற்ற இடங்களில் விகிதம் குறையும், ஆனால் இல்லாமல் போவதில்லை. பிழை உள்ள பெட்டியைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டினால் இவர்களில் பலருக்கு வித்தியாசம் தெரியாமல் போகலாம். ஒரு குறியும் ஒரு வரியும் சேர்த்தால் தெரியும். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று இணைய அணுகல் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்தை வைக்கும் இன்றைய மோஸ்தர் இதை அடிக்கடி மீறுகிறது. அதனால் கண் மங்கியவர் மட்டும் பாதிக்கப்படுவதில்லை. நல்ல வெயிலில் செல்போனைப் பார்க்கும் எவருக்கும் அந்த எழுத்து தெரியாது. அதே வழிகாட்டுதல்களின் 2023இல் வந்த 2.2 பதிப்பு, தொடும் இடங்கள் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்கட்டும் என்கிறது. இலக்கு சிறிதாகவும் தொலைவிலும் இருந்தால் அதைத் தொட அதிக நேரம் பிடிக்கும் என்று உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954லேயே அளந்து காட்டிவிட்டார். கை நடுங்கும் ஒருவருக்காகப் பட்டனைப் பெரிதாக்கினால், ஓடும் பஸ்ஸில் நின்றபடி அழுத்துகிறவருக்கும் அது உதவும்.

அழகுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு பக்கம் பிடித்திருக்கிறதா இல்லையா என்ற முதல் தீர்ப்பை மனிதர்கள் 50 மில்லிவினாடியில் எட்டிவிடுகிறார்கள் என்று கனடா ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஏ.டி.எம். திரை அமைப்புகளை வைத்து 1995இல் வெளியான ஜப்பானிய ஆய்வில், அழகாகத் தெரிந்தவற்றையே மக்கள் பயன்படுத்த எளிதானவை என்றும் கருதினார்கள். இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அழகான திரையைக் கொடுத்துக் கருத்துக் கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்பார்கள். அதே ஆளிடம் ஒரு வேலையைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள், தடுமாறுவார். ஆகவே கருத்துக் கணிப்பை நம்பி வடிவமைப்பை முடிவு செய்யாதீர்கள்.

இதே அறிவைத் தவறாகவும் பயன்படுத்தலாம். சந்தாவை எடுப்பதற்கு ஒரே பட்டன், ரத்து செய்வதற்கு ஐந்து பக்கங்கள். சம்மதிக்கும் பட்டன் பளிச்சென்று, மறுக்கும் இணைப்பு கண்ணுக்குத் தெரியாமல். வடிவமைப்பாளர் ஹாரி பிரிக்னல் 2010இல் இவற்றுக்கு "டார்க் பேட்டர்ன்" என்று பெயர் வைத்தார். குழப்பமான பட்டன் அமைப்பால் பயனர்களைத் தேவையில்லாமல் வாங்க வைத்த வழக்கில், வீடியோ கேம் தயாரிக்கும் எபிக் கேம்ஸ் நிறுவனம் 24.5 கோடி டாலர் திருப்பித் தர 2022இல் ஒப்புக்கொண்டது. இப்படிச் சேரும் பணத்தை லாபக் கணக்கில் எழுதுவதே தவறு என்பது என் கருத்து. ஏமாந்தவர் அதை மறக்கமாட்டார். விற்பனையைக் கூட்டித் தருகிறேன் என்று யாராவது உங்களிடம் இந்த வகை யோசனைகளைக் கொண்டுவந்தால் மறுத்துவிடுங்கள்.

எங்கே தொடங்குவது? முழுத் தளத்தையும் இடித்துக் கட்ட வேண்டியதில்லை. வருகிறவர்கள் எந்த ஒரு வேலைக்காக அதிகம் வருகிறார்கள் என்று பாருங்கள். வாங்குவதற்கா, விண்ணப்பிக்கவா, ஒரு விவரத்தைத் தெரிந்துகொள்ளவா? அந்த வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஐந்து பேரைக் கூப்பிடுங்கள். தளத்தின் பெரும்பாலான குறைகளைக் காட்டிக்கொடுக்க ஐந்து பேர் போதும் என்பது நீல்சனின் பழைய கணக்கு. சுமார் 85 சதவீதம் என்கிறார் அவர். ஒரே தடவை பெரிய கூட்டத்தை வைத்துச் சோதிப்பதைவிட, ஐந்து பேரோடு சோதித்து, திருத்தி, மறுபடி ஐந்து பேரோடு சோதிப்பது மேல் என்பதும் அவர் யோசனைதான்.

ஒவ்வொருவரையும் தனியாக, அவர்களுடைய சொந்த செல்போனோடு உட்கார வையுங்கள். செய்ய வேண்டிய வேலையை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். அந்த வாக்கியத்தில் உங்கள் பட்டனில் உள்ள சொல் வந்துவிடக் கூடாது, வந்தால் அவர் அந்தச் சொல்லைத் தேடி அழுத்திவிடுவார். மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். இதுதான் கடினமான பகுதி. அவர் பட்டனுக்கு மேலேயே விரலை வைத்துக்கொண்டு அதைக் காணாமல் தேடும்போது, "அதோ அங்கே" என்று சொல்லத் துடிப்பீர்கள். சொல்லிவிட்டால் அந்தச் சோதனை வீண். எங்கே விரல் நின்றது, எதைத் தவறாக அழுத்தினார், எந்தச் சொல்லை இரண்டு முறை படித்தார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று பேரும் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் மீதி இருவரை அன்றே கூப்பிட வேண்டியதில்லை. அந்த இடத்தைத் திருத்திவிட்டு, திருத்திய பக்கத்தை அவர்களிடம் கொடுத்துப் பாருங்கள்.